ஏ.வி. பாலம் வழியாக பெத்லகேமுக்கு

டிசம்பர் 20

இந்த மதுரைப் பயணத்தில் மீனாட்சி கோயில், நாயக்கர் மஹால், அழகர்மலை எதுவும் வராது. அவற்றைப் பற்றி எழுத ஊரில் ஆள் இருக்கிறது. நான் தேடி வந்தது ஒரு பொம்மைக் கடையை. எண்பதுகளில் டவுன்ஹால் ரோட்டில் இருந்தது. பெயர்ப் பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள்தான், ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது கண்ணாடிக் கடை. டிசம்பரில் அதன் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிறிஸ்துமஸ் குடில் எழும்பும்.

"கடையே இல்லைங்கிறீங்க, அப்புறம் என்னத்தைத் தேடுறது?" என்று கோவையில் வண்டி ஏறும்போதே மகன் கேட்டான். கடை இல்லை, சரி. பொம்மைகள் எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும்?

ஜங்ஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, நேராக டவுன்ஹால் ரோடு. கூடலழகர் கோயிலின் தெப்பக்குளம் இந்த ரோட்டில்தான் இருக்கிறது. நாலு பக்கமும் கடைகள் மறைத்து நிற்பதால், வருஷக்கணக்கில் இந்த வழியே நடந்தவர்களுக்குக்கூட உள்ளே ஒரு குளம் இருப்பது தெரியாது. ஒரு குளத்தையே மறைக்கத் தெரிந்த ரோட்டுக்கு ஒரு கடை எம்மாத்திரம்? கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் இப்போது கீழே மொபைல் கவர் விற்கிறார்கள், மேலே லாட்ஜ். வாசலில் இருந்த பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் நான் பொறக்கும் முன்னாடிக்கா" என்றான். நியாயம்தான்.

பார்க்காதவர்களுக்காக அந்தக் குடிலைச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் பிறந்ததும் கண்ணாடியில் உள்பக்கமாகப் பழைய செய்தித்தாளை ஒட்டி மறைத்துவிடுவார்கள். உள்ளே சுத்தியல் சத்தம் மட்டும் கேட்கும். 15ஆம் தேதி சாயங்காலம் தாளைக் கிழிப்பார் கடைக்கார அண்ணாச்சி. பெத்லகேம் தெரியும். ஆனால் அதன் பின்னால் நிற்கும் மலை யானைமலை. படுத்த யானையின் தும்பிக்கை, மத்தகம், முதுகு, எல்லாம் சாக்கில் சுண்ணாம்புப் பூச்சு பூசிச் செய்தது. முன்னால் ஓடுவது வைகை, அதாவது நீளவாக்கில் வெட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி. ஆற்றின் மேல் 1889-ல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலம், நம்ம ஏ.வி. பாலம், வளைவு வளைவாக. கரையில் தட்டுகளில் முளைக்கப் போட்ட கேழ்வரகும் கடுகும் பச்சையாக நிற்கும். வால் நட்சத்திரம் கம்பியில் ஊர்ந்து வந்து தொழுவத்துக்கு மேல் போய் மலைக்குப் பின்னால் மறையும். கிழட்டு இடையன் ஒருவன் தலையாட்டிக்கொண்டே இருப்பான்.

அண்ணாச்சியின் சாமர்த்தியம் மூன்று ராஜாக்களில் இருந்தது. முதல் நாள் அவர்கள் பாலத்தின் அந்தக் கோடியில், கோரிப்பாளையம் பக்கம் நிற்பார்கள். தினமும் ராத்திரி கடை சாத்தும்போது ஒரு வளைவு தூரம் நகர்த்தி வைப்பார். மறுநாள் வந்து பார்த்தால்தான் எங்கே வந்திருக்கிறார்கள் என்று தெரியும். பாலத்தைத் தாண்டி, கரையேறி, ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தொழுவத்தை எட்டுவார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற விஷயமாக அதை அவர் வைக்கவேயில்லை. தெருவில் பையன்கள் ராஜாக்கள் மேல் பந்தயம் கட்டினார்கள்.

எங்கள் அப்பத்தா மார்கழியில் கோயிலுக்குப் போய்விட்டு இந்த வழியாகத்தான் திரும்பும். 24 ராத்திரி வரை தீவனத் தொட்டியில் வைக்கோல் மட்டும்தான் இருக்கும். "இன்னும் பொறக்கலையாக்கும்?" என்று தினமும் அண்ணாச்சியிடம் விசாரிக்கும். "நாலு நாள் பொறுங்க ஆத்தா" என்பார் அவர்.

டிசம்பர் 21

பக்கத்திலேயே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் பல மாடி ஜவுளிக்கடை. 1952 தீபாவளிக்குத் திறந்த தியேட்டர், 2500 இருக்கைக்கு மேல். ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். ஆட்டம் விட்டால் அந்தக் கூட்டத்தில் பாதி டவுன்ஹால் ரோட்டுக்குள் இறங்கும். கண்ணாடிக் கடைக்கு அது தானாக வந்த கூட்டம்.

காலையில் ஒரு நல்ல ஆள் சிக்கினார். மேலமாசி வீதிப் பக்கம் சந்துக்குள் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், எழுபது தாண்டியிருக்கும். குடிலை ஆட வைத்தது இவர்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். முதலில் நம்பவில்லை. இந்த ஊரில் எந்தப் பழைய விஷயத்தைக் கேட்டாலும் "நாந்தேன் செஞ்சேன்" என்று பத்துப் பேர் வருவார்கள். ஆனால் இவர் கணக்குச் சொன்னார்.

"டேபிள் ஃபேன் மோட்டாரும்மா. நிமிஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு சுத்து சுத்தும். அதை அப்படியே நட்சத்திரத்துல மாட்டுனா ராக்கெட்டு மாதிரி பறக்கும். அதனால மோட்டார்ல சின்னப் புல்லி, அடுத்தாப்ல சைக்கிள் ரிம்மு. இருபத்தாறுக்கு ஒண்ணு. அம்பது சுத்தா இறங்கும். அதுக்கும் கீழே இன்னொரு ரிம்மு வச்சா நாலு சுத்து, அஞ்சு சுத்து. அந்த வேகத்துலதான் ஒரு நட்சத்திரம் போகணும்."

அந்த வேகத்துலதான் ஒரு நட்சத்திரம் போகணும் என்று அவர் சொன்ன தோரணையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பெல்ட் தையல் மிஷினின் தோல் பெல்ட். மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தொய்ந்து வழுக்கும், நட்சத்திரம் மலை மேல் நின்றுவிடும். குங்கிலியத்தைப் பொடித்துப் பெல்ட்டில் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். சீரியல் லைட் இன்னொரு தலைவலி. 6 வோல்ட் பல்புகளை நாற்பதுக்குப் பக்கமாகக் கோத்தால்தான் வீட்டுக் கரண்டைத் தாங்கும். ஒன்று போனால் மொத்தமும் அணையும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கக் கடைப் பையன் ஒருவன் தனியாகவே இருந்தானாம். கரண்டே போய்விட்டால்? "பெட்ரோமாக்ஸைக் கொண்டாந்து வச்சுருவாரு. கூட்டம் கலையாது. ஆடாத பொம்மையைப் பாத்துக்கிட்டு நிக்கும், கரண்டு வர்ற வரைக்கும்."

கடை ஏன் போனது என்றும் கேட்டேன். பிளாஸ்டிக் பொம்மை வந்தது, கட்டடத்தில் பாகப்பிரிவினை, அண்ணாச்சிக்கு வயசு, என்று அடுக்கினார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்தது. அதுவரை வெளியூர்க்காரர்கள் ஊருக்கு நடுவில் வந்து இறங்கினார்கள். சாமான் வாங்க, படம் பார்க்க, ரயிலைப் பிடிக்க, எதற்கும் டவுன்ஹால் ரோட்டை மிதிக்காமல் போக முடியாது. பஸ் அங்கிட்டுப் போனதும் அந்த நடந்து போகிற கூட்டமும் அங்கிட்டுப் போய்விட்டது. பண்டிகைக் காட்சி என்பது நடந்து போகிறவர்களுக்கானது. பைக்கில் போகிறவன் கண்ணாடிக்குள் பார்த்தால் முன்னால் போகிறவன் மேல் ஏற்றிவிடுவான்.

பொம்மைகள் எங்கே செய்தது? "விளாச்சேரி. வேற எங்க?"

டிசம்பர் 22

திருப்பரங்குன்றம் போகும் வழியில் பசுமலையைத் தாண்டி, வலது பக்கம் பிரிந்து விளாச்சேரி. பசுமலையில்தான் 1881-ல் அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது, பிறகுதான் கோரிப்பாளையம். விளாச்சேரி என்றால் தமிழாசிரியர்களுக்குப் பரிதிமாற்கலைஞர் பிறந்த ஊர். 1870-ல் பிறந்தார், இங்கே அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் இது பொம்மைக்காரர்கள் ஊர்.

தெருவுக்குள் நுழைந்ததுமே திண்ணையெல்லாம் கடவுள்கள். வர்ணம் அடிக்காத வெள்ளைப் பிள்ளையார், பாதி அடித்த மீனாட்சி, கொலுவில் விற்காமல் தங்கிய செட்டியார் பொம்மை. ஒரு வீட்டு வாசலில் குழந்தை இயேசுக்கள் மட்டும் வரிசையாக, கை விரித்து, வெயிலுக்குக் காட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மகன் முதல் முறையாக ஆர்வமாகி ஃபோனை எடுத்தான்.

அங்கே ஒரு வேளார் வீட்டில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். அவருக்கு அறுபது இருக்கும். மனைவி பேசிக்கொண்டே மரியாளுக்கு முக்காடு நீலம் தீட்டினார். கடைசி நேர ஆர்டராம்.

இவர்களுக்கு வருஷம் என்பது பொம்மைக் கணக்கு. ஆவணியில் பிள்ளையார். புரட்டாசி வரை கொலு. அது முடிந்த கையோடு குடில் செட், நடுவில் கார்த்திகை விளக்கு. சிக்கல் என்னவென்றால் குடில் செட் செய்ய வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே மழை. மண் பொம்மை காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். "ஏசுநாதர் சித்திரையில பொறந்துருந்தா எங்களுக்குச் சோலி சுளுவு" என்றார் அந்த அம்மா, தூரிகையை எடுக்காமலே.

கண்மாய் மண்ணை ஊறப்போட்டு, கல், வேர் போகச் சலித்து, மணல் சேர்த்து மிதிக்கிறார்கள். அச்சு இரண்டு பாதி, முன்பக்கம், பின்பக்கம். மண்ணை அப்பளம்போல் தட்டி அச்சுக்குள் விரலால் அழுத்த வேண்டும். மூக்கு, விரல் நுனி வரை மண் போக வேண்டும், அழுத்தம் கூடினால் அச்சில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பாதியையும் குழைத்த மண்ணால் ஒட்டி, மூட்டைத் தடவி மறைக்கிறார்கள். அடியில் கட்டாயம் ஓர் ஓட்டை, உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற. பிறகு நிழலில் காய்ச்சல், வெயிலில் காய்ச்சல், சூளை, வெள்ளை அடிப்பு, வர்ணம். கண்ணை மட்டும் கடைசியில் வைப்பார்கள், அதுவும் வீட்டில் கை நடுங்காத ஒருவர்தான். பெரிய பொம்மைகளுக்குக் காகிதக் கூழ். எடை குறைவு, வெளியூருக்கு அனுப்பினால் உடையாது. நமக்குப் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடிக் கடை பற்றிக் கேட்டதும் வேளார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தவர் கையில் பழைய அச்சு ஒன்று, விளிம்பெல்லாம் சிதைந்து. "எங்கய்யா செஞ்சது. தலையில்லாத இடையன்."

தலை தனி, உடம்பு தனி. கழுத்துக்குள் குறுக்கே ஒரு கம்பி. தலைக்குக் கீழே உடம்புக் கூட்டுக்குள் தொங்கும்படி ஓர் இரும்பு போல்ட்டு. லேசாக அசைத்தால் போதும், போல்ட்டின் எடை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அசைத்துக் கொடுக்க ஒரு நூல் மோட்டாருக்குப் போனது. நான் சின்ன வயதில் அந்த இடையனுக்கு உயிர் இருப்பதாகவே நம்பினேன். தங்கையிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

மாடுகளும் அண்ணாச்சி கேட்டபடி செய்ததாம். வெள்ளைக்கார அச்சு மாட்டுக்குத் திமில் இருக்காது. "எங்கூர் ஜனம் அதை மாடுன்னு ஒத்துக்காதுய்யா" என்று அண்ணாச்சி சொல்ல, திமிலும் அலைதாடியுமாகக் காளை செய்து, கொம்பில் வர்ணமும் தீட்டிக் கொடுத்திருக்கிறார் வேளாரின் அப்பா. அடுத்து ஒட்டகம். அவர் ஒட்டகத்தைப் பார்த்ததே இல்லை. தமுக்கத்தில் சர்க்கஸ் போட்டிருந்தபோது, அண்ணாச்சி செலவில் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தாராம். முதுகு சரியாக வந்துவிட்டது. முகம் என்னவோ கை பழகிய காளை முகமாகவே அமைந்துவிட்டது. அண்ணாச்சி பார்த்துச் சிரித்து, அப்படியே இருக்கட்டும் என்று வாங்கிப் போனாராம்.

பெத்லகேமுக்குப் பின்னால் யானைமலை, தொழுவத்தில் திமில் மாடு. இதைப் பெரிய தத்துவமாக்க எனக்கு இஷ்டமில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி கட்டிக்கொண்டு செய்ய முயன்றதை, இந்த அண்ணாச்சி ஒரு ஜன்னலுக்குள் வியாபாரத்துக்காகச் செய்தார், அவ்வளவுதான். யார் செய்தது எடுபட்டது என்றால், எனக்கு அண்ணாச்சி பக்கம்தான் சாய்வு.

டிசம்பர் 23

குன்னத்தூர் சத்திரம். புது மண்டபத்துக் கடைகளை இங்கே மாற்றிவிட்டார்கள். மண்டபத்துத் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு, கள்ளழகர் திருவிழாவுக்குச் சல்லடமும் உருமாலும் தைத்த தையல்காரர்களில் ஒருவரைப் பார்த்தோம். பாய் இப்போது கிறிஸ்துமஸ் தாத்தா அங்கி தைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆர்டர். கண்ணாடிக் கடை வாசலில் நின்ற தாத்தாவுக்கும் அவர் அத்தாதான் தைத்தாராம். ராஜாக்களின் ஜரிகைச் சால்வை, சித்திரைத் திருவிழாவில் மிஞ்சிய துண்டுத் துணி.

மதியம் பருத்திப்பால். மாலையில் மழை. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டி

கீழவெளி வீதி மரியன்னை பேராலயம். இரட்டைக் கோபுரம் முழுக்க விளக்கு. விளக்குத்தூண் பக்கமிருந்தே நடக்க இடமில்லை. திருப்பலி ஒலிபெருக்கியில் கேட்க, பாதிப் பேர் வெளியே பாயில், செருப்புக்கு மேல் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பூ வைத்த பெண்கள், பொட்டு வைத்த பெண்கள், தொப்பி போட்ட ஒரு பாய் தோளில் பேத்தியோடு. குடிலைப் பார்க்கத் தனி வரிசை.

அசிசியின் பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் முதல் குடிலை அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும்தான் கட்டினார் என்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இங்கே வரிசையில் நின்றவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் எல்லோரும் ஃபோன் வழியாகத்தான் பார்த்தார்கள். எரிச்சலாக வந்தது. பிறகு என் கையிலும் ஃபோன் இருந்ததால் அடங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் குழந்தையைக் கொண்டுவந்து தொட்டியில் கிடத்தினார்கள். பக்கத்தில் நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பொறந்துட்டான்" என்று எனக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

டிசம்பர் 25

ராமேஸ்வரம் ரோட்டில் இடைக்காட்டூர். கீழடிப் பலகை வந்தபோது மகன் வண்டியை மெதுவாக்கினான். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டேன். திருப்புவனம் தாண்டிப் போனால், வயல்களுக்கு நடுவே பிரான்ஸ் நாட்டுக் கோபுரம் ஒன்று முளைத்து நிற்கிறது. ரீம்ஸ் நகரத்துப் பேராலயத்தைப் பார்த்து 1894-ல் கட்டிய திரு இருதய ஆண்டவர் கோயில். அச்சு அசல் நகல் என்று உள்ளூரில் சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். அசல் பல மடங்கு பெரியது. ஆனால் இங்கே கல்லுக்குப் பதில் செங்கல். வளைவுக்கு ஒன்று, பூவேலைக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று என்று விதவிதமான அச்சில் வார்த்துச் சுட்ட மண். மூன்று நாளுக்கு முன்னால் விளாச்சேரியில் அச்சைப் பார்த்துவிட்டு வந்ததால், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். 1914-ல் ரீம்ஸ் பேராலயம் ஜெர்மன் குண்டுகளில் எரிந்தபோது, அதன் மண் வடிவம் இந்த வயல்காட்டில் சேதாரமில்லாமல் நின்றிருக்கிறது.

கூட்டம் அதிகம். சாப்பாடு கிடைக்கவில்லை. மானாமதுரை வரை போய்த்தான் சாப்பிட்டோம்.

டிசம்பர் 27

காயில் கட்டும் பெரியவர் கொடுத்த நம்பர் நேற்றுத்தான் பேசியது. அண்ணாச்சியின் மகள், ஓய்வு பெற்ற டீச்சர், எல்லீஸ் நகரில் இருக்கிறார். "குடிலைப் பத்தியா? வாங்க வாங்க, கேக் இருக்கு."

கடையைக் காலி செய்த வாரத்தில் அண்ணாச்சி பொம்மைகளை விற்கவில்லையாம். யார் வந்து கேட்டாலும், எது வேண்டும் என்று கேட்டுக் கொடுத்துவிட்டார். கண்மாய்க்கரைக் கிராமத்துக் கோயில் ஒன்றுக்கு மாதா, சூசையப்பர், குழந்தை மூன்றும் போயின. அங்கே இன்னும் டிசம்பரில் வைக்கிறார்கள். சம்மனசு, அதாவது தேவதூதர் பொம்மை, தெருவில் பூக்கட்டிய அம்மாவுக்கு. தலையாட்டி இடையனைப் பந்தயம் கட்டிய பையன்களில் ஒருவன் வாங்கிப்போனான், இப்போது துபாயில் இருக்கிறான், பொம்மையும் அங்கேதான். ராஜாக்களில் இருவர் உடைந்தாயிற்று. மூன்றாவது ராஜா டீச்சரின் தம்பி வீட்டில், மதுரையில்தான். பாலத்தை அவிழ்த்ததில் வந்த பலகையில் டீச்சருக்கு ஒரு புத்தக அலமாரி. காட்டினார். பின்பக்கம் இன்னும் வளைவு வளைவாக வெட்டு இருக்கிறது, சுவரோடு சேர்த்துப் போட்டிருப்பதால் தெரியாது.

"ஒட்டகம்?" என்றேன்.

டி.வி.க்குப் பக்கத்தில் காட்டினார். காது ஒன்று இல்லை. கழுத்தில் யாரோ பேரப்பிள்ளை ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது. காளை முகத்தோடு, நிறைய பேரைப் பார்த்துச் சலித்த தோரணையில் நின்றது. விளாச்சேரி வேளாருக்கு அனுப்பலாம் என்று ஃபோட்டோ எடுத்தேன். கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் டீச்சர் முந்திக்கொண்டார்.

"பாருங்க. ஆனா கேட்டுறாதீங்கம்மா, தரமாட்டேன். ரெண்டு பேரு ஏற்கனவே கேட்டுட்டுப் போயிருக்காங்க. அதுல ஒருத்தரு பேராயர் ஆபீஸ்ல இருந்து."